பிடித்தம் 26 நாளுக்கு, சந்தா 12 நாளுக்கு: தூய்மைப் பணியாளரின் இ.எஸ்.ஐ. பணம்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிப்ரவரி மாதத்தில், மேற்கு மாவட்டமொன்றின் நகராட்சியில் ஒப்பந்த முறையில் வேலை செய்யும் அருந்ததியர் பெண் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். தெருப்புழுதியில் 11 ஆண்டுகள் கழித்தவர். நுரையீரல் நோய் முற்றி, இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவர் அவரை ஓய்வெடுக்கச் சொல்லிச் சான்றிதழ் தந்திருந்தார். அச்சான்றிதழுடன் கிளை அலுவலகத்துக்குச் சென்றபோது, நோய்க்கால உதவித்தொகைக்கு அவர் தகுதி பெறவில்லை என்று கூறிவிட்டனர். "மாசாமாசம் பிடிக்கிறாங்களே சார், அப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றாங்க?" என்பதே அவர் என்னிடம் கேட்ட கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனதில்தான் இக்கட்டுரைக்கான செய்திகள் கிடைத்தன.

அவருடைய காப்பீட்டு எண்ணைக் கொண்டு சந்தா விவரத்தைத் திறந்து பார்த்தோம். பணம் அறவே செலுத்தப்படாமல் இல்லை, செலுத்தப்பட்டிருந்தது. ஆனால் அவர் வேலை செய்த நாட்கள் என்று மாதந்தோறும் 11, 12, 12, 10 எனப் பதிவாகியிருந்தன. வாரவிடுப்பு தவிர ஒரு நாளும் தவறாமல் விடியற்காலையில் துடைப்பத்துடன் நின்றவருக்கு, அரசின் இணையதளத்தில் பாதி மாதம்கூட வேலையில்லை. அதே மாதங்களுக்கு நகராட்சியின் துப்புரவு ஆய்வாளர் கையொப்பமிட்ட வருகைப் பதிவேட்டில் 26 நாட்கள் இருந்தன. ஒப்பந்ததாரர் நகராட்சியிடம் பெற்ற பட்டியல் தொகையும் 26 நாட்களுக்கே. தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்ததும் 26 நாட்களுக்கே.

இதன் கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. என்பது மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. 2019 ஜூலை முதல் தொழிலாளி தன் ஊதியத்தில் 0.75 விழுக்காடும், வேலையளிப்பவர் 3.25 விழுக்காடும் சந்தாவாகத் தர வேண்டும். மாதம் 15,000 ரூபாய் ஊதியமென்றால் மொத்தச் சந்தா 600 ரூபாய்; அதில் தொழிலாளியின் பங்கு 112 ரூபாய் 50 காசு. வேலை நாட்களை 12 என்று காட்டினால் 277 ரூபாய் கட்டினால் போதும். ஒரு தொழிலாளிக்கு மாதம் 323 ரூபாய் ஒப்பந்ததாரர் கையில் தங்கும். அதில் ஏறத்தாழ 60 ரூபாய் தொழிலாளியின் கூலியிலிருந்தே எடுத்த பணம்.

இத்தனை சிறிய தொகைக்காகவா என்று தோன்றலாம். நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். மாதம் 13 நாள் என்று காட்டியிருந்தால் ஆறு மாதத்தில் சரியாக 78 வந்துவிடும். 12 என்று காட்டினால் 72. ஒப்பந்ததாரர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, அந்த ஒரு நாளில் தொழிலாளியின் உரிமை முழுவதும் கழன்று விழுகிறது. தகுதியிருந்தால் நாட்கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள்வரை கிடைக்கும். 15,000 ரூபாய் ஊதியத்துக்கு அது ஏறத்தாழ 36,750 ரூபாய். ஒப்பந்ததாரர் ஆறு மாதத்தில் சேமித்த 1,938 ரூபாய்க்காக ஒரு குடும்பம் இழக்கக்கூடிய தொகை இது. மகப்பேற்று உதவியும் இவ்வாறே சந்தா நாட்களின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவாவதுதான்.

இணையவழிச் செலுத்துகை வந்துவிட்டால் முறைகேடு ஒழியும் என்று நமக்குச் சொல்லப்பட்டது. முறை எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் அந்த நம்பிக்கையின் ஓட்டை தெரியும். வேலையளிப்பவர் தன் 17 இலக்கக் குறியீட்டு எண்ணுடன் காப்பீட்டுக் கழகத்தின் தளத்துக்குள் நுழைகிறார். ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேராகவும் வேலை நாட்களையும் ஊதியத்தையும் அவரே தட்டச்சு செய்கிறார். தளம் தொகையைக் கணக்கிட்டு ஒரு சலானை உருவாக்குகிறது. அங்கிருந்து வங்கியின் இணையப் பக்கத்துக்குச் சென்று, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டுகிறார். வங்கிக்குத் தெரிவது மொத்தத் தொகை மட்டுமே. கழகத்துக்குத் தெரிவது வேலையளிப்பவர் தட்டச்சு செய்தது மட்டுமே. உண்மையான 26 நாட்களை அறிந்த வருகைப் பதிவேடோ நகராட்சியின் அலமாரியில் உறங்குகிறது. இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கடமையுடையவர் எவரும் இந்தச் சங்கிலியில் நடைமுறையில் அமர்த்தப்படவில்லை. "இத்தனை நாள் வேலை செய்தேன், சரி" என்று தொழிலாளி ஒப்புக்கொள்வதற்கான கட்டமும் அதில் இல்லை. பணத்தில் பங்கு கொடுப்பவர் அவர். பயனைப் பெற வேண்டியவரும் அவர். பட்டியலில் அவர் வெறும் 10 இலக்க எண்.

ஒப்பந்ததாரர் மாறும்போது இது இன்னும் சிக்கலாகிறது. காப்பீட்டு எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றே. ஆனால் புதிய ஒப்பந்ததாரரின் கணக்கர், பழைய எண்ணைக் கேட்டறியும் தொல்லையின்றிப் புதிய எண்ணை உருவாக்கிவிடுகிறார். அதே தெரு, அதே வண்டி, அதே மேற்பார்வையாளர். ஆனால் ஏட்டில் அத்தொழிலாளி நேற்றுச் சேர்ந்தவர். ஒருவரே மூன்று காப்பீட்டு எண்களை வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "அவங்க எங்க ஆளுங்க இல்லை, காண்ட்ராக்டரைக் கேளுங்க." இது சட்டப்படி தவறான பதில். 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40-ஆம் பிரிவு, ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்பட்டவர்களுக்கும் முதன்மை வேலையளிப்பவரே முதலில் சந்தா செலுத்த வேண்டும் என்றது; அதை ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள 41-ஆம் பிரிவு வழி செய்தது. பிடித்த தொகை தொழிலாளி நம்பி ஒப்படைத்த தொகையாகவே கருதப்படும் என்றும் சட்டம் கூறியது. அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வதை நம்பிக்கை மோசடி என்று இந்தியத் தண்டனைச் சட்டம் 405-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே சொல்லியிருந்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் தொடர்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 1948 சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்து நமக்குள்ள கடுமையான மாற்றுக்கருத்துகள் ஒருபுறமிருக்க, ஒப்பந்தத் தொழிலாளியின் சந்தாவுக்கான பொறுப்பையும், பிடித்ததைக் கட்டாதவருக்கான சிறைத்தண்டனையையும் அது கைவிடவில்லை. ஆகவே "சட்டம் மாறிவிட்டது" என்று எந்த அலுவலர் சொன்னாலும் தளர வேண்டியதில்லை.

பணியிட விபத்தில் நிலைமை வேறு. அதற்குச் சந்தா நாட்களின் நிபந்தனையே கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும், சந்தா கட்டப்படாதிருந்தாலும், "சந்தா செலுத்தப்பட வேண்டியவர்" என்ற நிலையே ஒருவரைக் காப்பீடு பெற்றவராக்குகிறது. பரகத் எஞ்சினியரிங் எதிர் ரங்கநாயகி வழக்கில் உச்ச நீதிமன்றம் 20 ஆண்டுகளுக்கும் முன்பே இதைத் தெளிவாக்கிவிட்டது. குப்பை வண்டி மோதி இறந்தவரின் குடும்பத்திடம் "அவர் பெயரில் பணம் கட்டவில்லை, ஒன்றும் கிடைக்காது" என்று சொல்லி, சிறுதொகையைக் கையில் திணித்துக் கையொப்பம் வாங்கும் வழக்கம் இன்றும் உண்டு. அக்குடும்பத்துக்கு நாட்கூலியில் 90 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்ட மாத உதவித்தொகை உரிமையாக உள்ளது என்பதை யாரும் சொல்வதில்லை.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கல்லூரிக் கூட்டமொன்றில் ஒரு மாணவர் கேட்டார். கட்டுமானத் துறையிலும் பின்னலாடைத் துறையிலும் சந்தா மோசடி நடக்கவில்லையா என்பது அவருடைய வாதம். நடக்கிறது. ஆனால் அங்கெல்லாம் ஏமாற்றுபவர் தனியார் முதலாளி. இங்கே மாதந்தோறும் பட்டியலைச் சரிபார்த்துப் பணம் விடுவிப்பது அரசு அமைப்பு. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின்கீழ் 29 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று 2024-இல் வெளிவந்தது. தமிழ்நாடு அக்கணக்கில் சேரவில்லை. என்றாலும் நம் நகராட்சிகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டுபவருக்குப் புள்ளிவிவரம் தேவைப்படாது. இத்தொழிலை ஒரு சாதியின் மீது சுமத்திய சமூகமே அத்தொழிலாளியின் 26 நாளை 12 என்று எழுதினாலும் யாரும் கேட்கப்போவதில்லை என்ற துணிச்சலை ஒப்பந்ததாரருக்குத் தருகிறது.

வரலாற்றின் ஒரு செய்தியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழிலாளர்களுக்கான நலக்காப்பீடு குறித்து பி.பி. அடார்க்கர் 1944-இல் அறிக்கை அளித்தபோது வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948-இல் அது சட்டமானபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். தலித் தலைவர்கள் இருவரின் பொறுப்பில் உருவான ஒரு காப்பீடு, தலித் தொழிலாளியின் கைக்கு வரும்போது 72 நாட்களாகக் குறைந்துவிடுகிறது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் அமர்ந்து போராடியதும், நள்ளிரவில் அவர்கள் அகற்றப்பட்டதும் நினைவிருக்கும். தனியாரிடம் சென்றால் வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் கிடைக்கும் என்பது அப்போது அவர்களிடம் வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. அடுத்த நாளே மாநில அமைச்சரவை வெளியிட்ட அறிவிப்புகளில் காலை உணவும், தொழில்சார் நோய்களுக்கான சிகிச்சைத் திட்டமும் இடம்பெற்றன. சிகிச்சைத் திட்டத்தை நான் குறைகூற மாட்டேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்வரை அறுவைச் சிகிச்சை பெறலாம் என்பதும் பெரிய உதவியே. ஆனால் படுக்கையில் கிடக்கும் மூன்று மாதங்களுக்கு அடுப்பு எரிவது எப்படி என்பதற்கு அந்த அட்டையில் விடையில்லை. கூலி இழப்பை ஈடுசெய்வது இ.எஸ்.ஐ. மட்டுமே. அதையும் நாம் சலுகையாகக் கேட்கவில்லை, பணம் கட்டிவிட்டுக் கேட்கிறோம்.

தீர்வு மிகச் சிக்கலானதன்று. ஒப்பந்ததாரரின் மாதப் பட்டியலுடன் இ.எஸ்.ஐ. சலானையும், பெயர்வாரியான வேலை நாள் பட்டியலையும் இணைக்க வேண்டும். அதை வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சான்றளித்த பின்னரே ஆணையர் பணத்தை விடுவிக்க வேண்டும். சலானின் நகலை மட்டும் இணைப்பது போதாது. நான் பார்த்த வழக்கில் அது இணைக்கப்பட்டிருந்தது. மொத்தத் தொகையைப் பார்த்துக் கையொப்பமிட்ட அலுவலர், எத்தனை பேருக்கு எத்தனை நாள் என்று பார்க்கவில்லை. நகராட்சி நிருவாக இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்துவிட முடியும்.

சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தொழிலாளி தன் காப்பீட்டு எண்ணைக் கொண்டு கழகத்தின் தளத்திலோ உமாங் செயலியிலோ தன் சந்தா விவரத்தைத் தானே பார்க்கலாம். பலருடைய கணக்கில் ஒப்பந்ததாரரின் கணக்கருடைய கைபேசி எண் பதிவாகியிருப்பதுதான் தடை. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அதை மாற்ற வேண்டும். இங்கேதான் மாணவர்களின் உதவி தேவைப்படுகிறது. ஒரு ஞாயிறு பிற்பகல் குடியிருப்பில் அமர்ந்து 30 பேருடைய விவரத்தைப் பதிவிறக்கினாலே ஒரு நகராட்சியின் கதை தெரிந்துவிடும். வருகைப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது, பிறரது தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடம் தராமல், ஒவ்வொருவரும் தம்முடைய பக்கத்தை மட்டும் தம் பெயரிலேயே கேட்பது நல்லது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குத் தொடுக்கலாமா என்று தோழர்கள் கேட்கின்றனர். தொழிலாளியைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் தயங்க வேண்டாம். சந்தா மோசடிக்கு மட்டும் அதை நான் பரிந்துரைப்பதில்லை. சாதி நோக்கத்தை மெய்ப்பிப்பதிலேயே ஆண்டுகள் கழியும். இரண்டு ஏடுகளுக்கிடையேயுள்ள 14 நாள் வேறுபாட்டை மெய்ப்பிக்க ஒரு மணி நேரம் போதும்.

அந்தப் பெண்ணின் வழக்கில் இரண்டு ஏடுகளையும் இணைத்து ஆணையருக்கும் கழகத்தின் மண்டல அலுவலகத்துக்கும் அறிவிப்பு அனுப்பினோம். நகராட்சி ஒப்பந்ததாரரின் பட்டியலை நிறுத்தியது. விடுபட்ட நாட்களுக்கான சந்தா வட்டியுடன் கட்டப்பட்டது. உதவித்தொகை அவர் கைக்கு வர ஏழு மாதங்கள் ஆயின. அதற்குள் அவர், வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க, மருத்துவர் சொன்ன ஓய்வை முடிக்காமலே வேலைக்குத் திரும்பியிருந்தார். அவருடன் அதே பட்டியலில் இருந்த மற்றவர்களின் நாட்களும் அப்போதுதான் திருத்தப்பட்டன. அவர்களுள் எவரும் அதுவரை தம் கணக்கைப் பார்த்ததில்லை.

சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும். முதலாவது காலத்தின் பயன் அடுத்த ஜனவரியிலும், இரண்டாவதன் பயன் ஜூலையிலும் தொடங்கும். இடைப்பட்ட மூன்று மாதங்கள்தான் கணக்கைச் சரிபார்க்கக் கிடைக்கும் அவகாசம். பழைய பாக்கிகளைத் தீர்மானிக்கக் கழகத்துக்கு ஐந்து ஆண்டு வரம்பு உண்டு. அதற்கு முந்தைய நாட்கள் திரும்பி வாரா.