அரங்கின் பெயருக்குள் மறைந்த கலைஞர்

லயனல் வென்ட் என்றவுடன் எம்மவருள் பலருக்கு நினைவில் எழுவது கொழும்பு ஏழிலுள்ள நாடக அரங்கே. அங்கு நாடகம் பார்த்தவர்களும், அவ்வழியே தினமும் வேலைக்குப் போய் வந்தவர்களும் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வாழ்கின்றனர். ஆயினும் அப்பெயருக்குரியவர் யாரென வினவினால், யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். நானும் நீண்ட காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

அவர் 1900இல் கொழும்பில் பிறந்த பறங்கியர். இங்கிலாந்து சென்று சட்டமும் பியானோவும் பயின்று திரும்பினார். சட்டத் தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. 1934இல் பசில் றைட் உருவாக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரல் அவருடையது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல முதலியோர் இணைந்த '43 குழு' 1943இல் கூடியதும் அவரது முயற்சியினாலேயே. இவற்றையெல்லாம் விட அவர் பெரிதாகச் செய்தது ஒளிப்படம். முழு மூச்சுடன் அதில் ஈடுபட்ட காலமோ ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் மட்டுமே. 1944 டிசம்பரில், நாற்பத்துநான்காவது வயதில், அவர் மறைந்தார்.

அவர் காலத்து இலங்கையில் ஒளிப்படம் என்பது பெரும்பாலும் ஸ்ரூடியோவில் நிமிர்ந்து நிற்கும் குடும்பம், அல்லது வெளிநாட்டார் வாங்கும் அஞ்சலட்டையில் தென்னை மரமும் யானையும். வென்ட்டும் தென்னையையும் கடற்கரையையும் படம் பிடித்தார். ஆனால் அவருக்குப் படம் கமராவுடன் முடிந்துவிடவில்லை; இருட்டறையில் அது மீண்டும் பிறந்தது. படம் கழுவும் வேளையில் வெளிச்சம் பட்டால் தாள் பாழாகும் என்பது அத்தொழிலின் அரிச்சுவடி. அவர் வேண்டுமென்றே, அளந்து, ஒரு கணம் வெளிச்சத்தை விட்டார். அப்போது கருமையும் வெண்மையும் ஓரளவு இடம் மாறி, உருவத்தின் விளிம்பிலே பேனாவால் வரைந்தாற் போன்ற ஒரு கோடு தோன்றும். ஐரோப்பாவில் மான் ரே கையாண்டு புகழ் பெற்ற முறை இது. இரண்டு நெகற்றிவ்களை ஒன்றாக்கி ஒரே தாளில் அச்சிடுவதும், கமராவே இன்றிப் பொருள்களை நேராகத் தாளின் மீது வைத்து ஒளி பாய்ச்சுவதும் அவருடைய மற்றைய பரிசோதனைகள். குளிரூட்டி இல்லாத அந்நாளில், கொழும்பின் வெக்கையிலும் புழுக்கத்திலும் இரசாயனக் கலவைகளுடன் இவற்றைச் செய்வதற்கு எத்தனை பொறுமை வேண்டியிருக்கும் என்பது, எம்மூரில் படம் கழுவிய அனுபவம் உள்ளவர்களுக்கு விளங்கும்.

இத்தகையவர் எப்படி மறைந்து போனார்? அவருடைய மறைவின் பின் நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை தாளில் அச்சிட்ட படங்கள் மட்டுமே. 1950இல் இலண்டனில் அவற்றுட் சில ஒரு நூலாக வெளிவந்தன. அவர் வாழ்ந்த 'அல்பொறாடா' என்ற இல்லம் இருந்த காணியிலே 1953இல் அரங்கு திறக்கப்பட்டது. கௌரவிக்கும் நோக்கத்துடனேயே செய்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் பெயர் கட்டடத்திற்குப் போய்ச் சேர, படங்கள் பின்னுக்குப் போயின. வெளியுலகின் பெரிய மண்டபங்கள் அவரைத் தேடி வரப் பல பத்தாண்டுகள் சென்றன. 2017இல் ஆம்ஸ்ரடாம் நகரின் ஒளிப்பட அருங்காட்சியகம் ஒன்று அவருக்கெனத் தனிக் கண்காட்சி வைத்தது. அது வரையில், ஒரு சிறு வட்டத்தினருக்கு அப்பால் அவரை அறிந்தோர் குறைவே.

அவரை நான் குறையின்றிப் போற்ற விரும்பவில்லை. அவருடைய படங்களில் உள்ள கிராமத்தவர்களும் உழைப்பாளிகளும் பெரும்பாலும் பெயரற்றவர்கள். எடுத்தவரின் பெயர் மறைந்து மீண்டது. எடுக்கப்பட்டவர்களின் பெயரை இனி எவர் மீட்பார்? வசதி படைத்த வீட்டிலிருந்து வந்த ஒரு கலைஞரின் கண்ணுக்குத் தேகம் தெரிந்தது. அத்தேகத்துக்கு உரியவர் எந்த ஊர், எவர் மகன் என்பது தெரிந்ததாகப் படம் காட்டவில்லை.

இதை எழுதும்போது எம் வீடுகளின் அலுமாரிகளே கண்முன் நிற்கின்றன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய மக்கள் எதைத் தூக்குவது, எதை விடுவது என்று அறியாது நடந்தார்கள். ஸ்ரூடியோக்காரர் நெகற்றிவ் பெட்டிகளைச் சுமந்து நடந்திருக்க முடியாது. ஆகவே பலருடைய திருமணப் படத்துக்கும், பாடசாலைக் குழுப் படத்துக்கும், இன்று பாரிஸிலோ பேர்ணிலோ ஓர் அல்பத்தில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு தாளே மூலம். வேறு பிரதி கிடையாது. வென்ட்டின் நிலையும் இதுவே: தாள் இருந்தது, அதனாலேயே அவர் மீண்டார்.

வீடு மாறும்போது நாம் முதலில் கழித்துவிடுவது கெட்டுப்போன படங்களைத்தான். ஒளி புகுந்தது, இரண்டு உருவம் ஒன்றன் மேலொன்றாய் விழுந்தது, ஓரம் கருகியது எனக் குப்பையில் போடுகிறோம். எடுத்த பெரியப்பாவோ மாமாவோ தவறு செய்தாரா, எதையேனும் முயன்று பார்த்தாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. அவற்றையும் வைத்திருங்கள். தாளின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், படத்தில் உள்ளவரின் பெயர், ஊர், ஆண்டு, எடுத்தவரின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும். பெயர்களைச் சொல்லக்கூடிய அம்மம்மாமார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அல்பத்தை அவர்கள் மடியில் வையுங்கள்.