தூக்கிப் போடும் முன் ஒருவரிடம் காட்டுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதத்திலேயே ஒரு காரியம் நடக்கும். பரணில் கிடக்கும் பழைய போட்டோக்களை இறக்கித் துடைத்து, "இதை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் இடம் மிச்சம்" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

என் தாய்மாமா உத்திரமேரூரில் சுமார் முப்பது ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் அவர்தான் போவார். அவருடைய டிரங்குப் பெட்டியை இறக்கியபோது, நெகட்டிவ் கவர்களுக்கு அடியில் தோல் உறை போட்ட கேமரா ஒன்று வந்தது. யாஷிகா மேட் 124 ஜி.

"ஷோ கேஸில் வைத்தால் அழகாக இருக்கும்" என்றான் என் மகன். "பழைய இரும்புக்காரன்கூட இதை எடுக்க மாட்டான்" என்றார் மாமா. "ரிப்பேர் செய்து பார்க்கலாமே" என்றேன் நான். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு என் பதில்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் பத்திரிகையில் கேமரா ரிப்பேர் எதற்கு என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், உங்கள் கம்ப்யூட்டரிடம்தான் வந்து சேரப் போகிறோம்.

எண்ணெய் விட்டது யார்?

முதலில் இந்தக் கேமராவைப் பற்றி இரண்டு வார்த்தை. இது ஜப்பானில் 1970 முதல் 1986 வரை தயாரிக்கப்பட்டது. முன்புறம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள் இருக்கும். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. கேமராவை வயிற்றருகே வைத்து, தலையைக் குனிந்து பார்த்துப் படம் எடுப்பார்கள். 120 ரோலில் 12 படங்கள் விழும். மாமா வெகுகாலம் போட்டது, ஊட்டியில் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் "இந்து" கறுப்பு வெள்ளை ரோல்தான். இன்று அந்தத் தொழிற்சாலையே இயங்கவில்லை.

மாமாவின் கேமராவில் ஷட்டர் திறக்கவே இல்லை. ஒரு தவறை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ரிப்பேர்காரரிடம் போகும் முன், "எண்ணெய் வறண்டிருக்கும்" என்று நானாக முடிவு செய்து, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். ஒரு நாள் நன்றாக வேலை செய்தது. மறுநாள் முன்பைவிட மோசமாகச் சிக்கிக்கொண்டது.

விசாரித்து, சென்னையில் ஒரு பழைய ரிப்பேர்காரரைக் கண்டுபிடித்தேன். செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு விளக்கு, கண்ணில் மாட்டும் லென்ஸ். அவ்வளவுதான் அவருடைய கடை. கேமராவை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "சார், எண்ணெய் விட்டது யாரு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

ஷட்டர் தகடுகள் காய்ந்துதான் இருக்க வேண்டுமாம். காகிதம்போல் மெல்லிய அந்தத் தகடுகளில் எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் வேண்டியது பல் சக்கரங்களின் அச்சில் மட்டும், அதுவும் ஊசி முனையில் தொட்டு வைக்கும் அளவுக்குத்தான். கம்ப்யூட்டரிலும் இதே கதைதானே? இன்டர்நெட்டில் யாரோ சொன்னார் என்று கண்ட "ஸ்பீடு" சாப்ட்வேரை எல்லாம் இறக்கி, மெதுவாக ஓடிய கம்ப்யூட்டரை ஓடாமலே செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஸ்கேனரில் கிடைத்த கண்ணாடி

வேலை முடிய ஏழு வாரம் ஆனது. நான் மூன்று முறை போய் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முன்புறத்தில் ஒட்டியிருந்த தோலை மெதுவாக உரித்தார். ஸ்குரூக்கள் அதற்குக் கீழே ஒளிந்திருந்தன. ஷட்டரைத் தனியாக எடுத்து, தகடுகளைக் கழுவிக் காய வைத்தார். ஒரு செகண்ட் என்று வைத்தால் மூன்று செகண்ட் திறந்திருந்ததற்குக் காரணம், பல் சக்கரங்களில் பிசின்போல் இறுகியிருந்த பழைய கிரீஸ்தான். லென்ஸில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. பங்கஸ் என்பார்கள் இவர்கள். அதைத் துடைத்து எடுத்தார். பூஞ்சை கண்ணாடியையே அரித்திருந்தால் எதுவும் செய்ய முடியாது என்றும், நமக்கு நல்ல நேரம் என்றும் சொன்னார். பின் மூடியில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஸ்பான்ஞ் தார்போல் உருகியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிது வைத்தார்.

உள்ளே சாய்வாக இருக்கும் கண்ணாடியில் ரசம் உரிந்திருந்தது. நம் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டி வைக்க முடியாது. அதில் ரசம் பின்பக்கம் இருப்பதால் உருவம் இரட்டையாகத் தெரியும். முன்பக்கத்திலேயே ரசம் பூசிய கண்ணாடி வேண்டும். அதற்கு எங்கே போவது? மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிளாட்பெட் ஸ்கேனரை எடுத்தார். யாரோ குப்பையில் போட்டது. அதற்குள் இருந்த நீளக் கண்ணாடியில் ஒரு துண்டை அளவாக வெட்டினார். என் மாமாவின் கேமரா இன்று உலகத்தைப் பார்ப்பது ஒரு செத்துப்போன ஸ்கேனரின் கண்ணால்!

இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. ஷட்டரின் வேகத்தை எப்படி அளப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பழைய லேப்டாப்பில்தான். வெளிச்சத்தை உணரும் ஒரு சின்ன டயோடை மைக் சொருகும் இடத்தில் இணைத்திருந்தார். ஷட்டரின் ஒரு பக்கம் டார்ச் லைட், மறுபக்கம் டயோடு. பட்டனை அழுத்தினால், ஒலிப்பதிவுக்கென்று இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி சாப்ட்வேரில் ஒரு மேடு விழுகிறது. அந்த மேட்டின் அகலம்தான் ஷட்டர் திறந்திருந்த நேரம். 500-ல் ஒரு பங்கு செகண்டுக்குப் பதிலாக 380-ல் ஒரு பங்கு வந்தது. "இந்த வயசுக்கு இது போதும் சார்" என்றார்.

லைட் மீட்டருக்கான பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. நச்சுப் பொருள் என்பதால் உலகெங்கும் நிறுத்திவிட்டார்கள். காது கேட்கும் கருவிக்குப் போடும் பேட்டரி ஏறத்தாழ அதே வோல்டேஜ் தரும். அதைச் சுற்றி ஒரு வளையம் வைத்துப் பொருத்தினார். மீட்டரின் முள் அசைந்தது.

மொத்தச் செலவு ஐயாயிரத்து ஐநூறு ரூபாய்.

இருபது வயதில் செத்த கேமரா

இப்போது இன்னொரு கேமராவைப் பற்றிச் சொல்கிறேன். 2005-ல் நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் டிஜிட்டல் கேமரா. அதுவும் அதே பரணில்தான் இருந்தது. லென்ஸ் வெளியே வந்து பாதியில் நிற்கிறது. காட்டிய இடத்தில் எல்லாம் "பார்ட்ஸ் வருவதில்லை, புதுசு வாங்கிக்கோங்க" என்ற ஒரே பதில்தான். அதில் போடும் எக்ஸ்.டி. கார்டும் புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை.

ஐம்பது வயதை நெருங்கும் கேமரா எழுந்து உட்கார்ந்துவிட்டது. இருபது வயதுக் கேமரா செத்துவிட்டது. பழையது எல்லாம் உயர்ந்தது, புதியது எல்லாம் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. மாமாவின் கேமரா பிழைத்ததற்கு மூன்று காரணங்கள்தான். ஸ்குரூவைக் கழற்றினால் அது திறந்தது. இல்லாத பாகத்துக்கு இன்னொரு பாகம் ஈடாகப் பொருந்தியது. அதை அறிந்த ஒரு மனிதர் உயிரோடு இருந்தார். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அது ஷோ கேஸுக்குத்தான் போயிருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைத் தேர்தலைச் சொல்வார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை. சுமார் 1,100 ஆண்டுகள் பழையவை. அந்தக் குடவோலையில் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அதில் ஏரி வாரியம் என்று ஒன்று உண்டு. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் ஆட்கள். ஏரியை வெட்டியதோடு வேலை முடியவில்லை, அதைப் பராமரிக்கவும் பொறுப்பான ஆள் வேண்டும் என்று அன்றே தெரிந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்த மறுநாளே பராமரிப்பை மறந்துவிடுகிறோம் நாம்.

மகன் சொன்னதில் நியாயம் உண்டு

"ஐயாயிரத்து ஐநூறுக்கு என்ன லாபம்? செல்போனிலேயே நல்ல படம் வருதே" என்றான் மகன். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒரு படம் நூறு ரூபாயைத் தாண்டுகிறது. நாள்தோறும் படம் எடுக்க பிலிம் கேமராவை வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் பாடி உடைந்த மலிவான கேமராவுக்கு இவ்வளவு செலவு செய்வதும் வீண். அதை அந்த ரிப்பேர்காரரே சொல்லிவிட்டார். நல்ல ரிப்பேர்காரர் "இது வேண்டாம்" என்றும் சொல்வார்.

என் வாதம் வேறு. ரிப்பேர் செய்யலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை பொருளை வாங்கிய நமக்கு இருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டி, பார்ட்ஸ் தராமல், அந்த முடிவை நமக்காக வேறு யாரோ எடுக்கக் கூடாது. நம் நாட்டிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று இணையதளம் ஒன்றும் தொடங்கப்பட்டது. ஆனால் வாங்கும் நாம் கேட்காதவரை கடைக்காரரும் சொல்ல மாட்டார், கம்பெனியும் மாறாது.

எனவே கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வாங்கப் போகும்போது, விலையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

1. ரேம் தனியாகச் சொருகப்பட்டுள்ளதா, போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டுள்ளதா? பின்னால் கூட்ட முடியுமா?

2. ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மாற்ற முடியுமா? போர்டு போனாலும் உங்கள் பைல்கள் பிழைப்பது இதைப் பொறுத்ததுதான்.

3. பேட்டரி ஸ்குரூவில் நிற்கிறதா, பசையில் நிற்கிறதா? தனியாக என்ன விலை?

4. வாரண்டி முடிந்த பிறகு உங்கள் ஊரில் இதைத் திறக்கத் தெரிந்தவர் யார்?

5. ரிப்பேருக்குக் கொடுத்தால், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவாரா?

வீட்டில் ஏற்கெனவே பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. "இனி இது குப்பை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒரு எஸ்.எஸ்.டி.யும் கொஞ்சம் ரேமும் போட்டு லினக்ஸ் பதிந்தால், பிள்ளைகள் படிக்கவும் கடிதம் டைப் செய்யவும் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். முதலில் பைல்களை பேக் அப் எடுத்துவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீங்களாக எண்ணெய் விடாதீர்கள்!

நெகட்டிவ்களுக்கும் இதே விதிதான். ஸ்கேன் செய்தாயிற்று என்று தூக்கிப் போடாதீர்கள். 120 நெகட்டிவை 2400 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் சுமார் 28 மெகா பிக்ஸல் வருகிறது. நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வரும்போது நெகட்டிவ் இருந்தால்தான் மறுபடியும் எடுக்க முடியும்.

பன்னிரண்டு படங்கள்

கேமராவை மாமா கையில் கொடுத்தேன். எழுபத்தாறு வயது. மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் தலையை நிமிர்த்தவே இல்லை. "மாப்ளே, ரோல் இருக்கா?" என்றார்.

பன்னிரண்டு படங்களை எடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. ஏரிக்கரை, அத்தை, கடைத்தெரு, என் மகன். ஸ்கேன் செய்த பைல்களைக் கம்ப்யூட்டரில் திறந்தபோது பதினொன்று சரியாக வந்திருந்தன. ஒன்று மட்டும் ஆடியிருந்தது. "அது கேமரா இல்லை, என் கை" என்றார் மாமா. என் மகன் அடுத்த ரோலுக்கு ஆர்டர் போட்டுவிட்டான்.

எனக்கு இன்னும் ஒரு கவலை உண்டு. அந்த ரிப்பேர்காரரிடம் வேலை கற்றுக்கொள்ள ஆள் இல்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியாகப் போனபோது அவரிடம் அனுமதி கேட்டு, ஷட்டரைப் பிரித்துச் சேர்ப்பதைச் செல்போனில் வீடியோ எடுத்தேன். எந்த ஸ்குரூ முதலில், எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று அவர் சொல்லச் சொல்ல டைப் செய்து, வீடியோவோடு ஒரே போல்டரில் போட்டு, இரண்டு இடத்தில் சேவ் செய்து வைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுத்து அவரிடமும் ஒன்று கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் பேனாவால் திருத்தித் தந்தார்.

புதிய கம்ப்யூட்டரை வைத்து என்ன செய்வது என்று கேட்கும் வாசகர்களுக்கு இதையும் ஒரு வேலையாகச் சொல்கிறேன். உங்கள் ஊரிலும் ரேடியோ, வாட்ச், தையல் மெஷின், தறி என்று ஏதோ ஒன்றை அறிந்த ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே ஒரு நாள் போய் உட்கார்ந்து எழுதி வையுங்கள்.