கேள்வி – பதில்: டெல்லியில் ஒரு மசோதா, மேலூரில் ஒரு போராட்டம்

கேள்வி: நாடாளுமன்றத்தில் நடப்பதை விவசாயி கவனித்து என்ன பயன்?
– வாசகர், பசுமலை

பதில்: மேலூர்க்காரர்களின் அனுபவமே இதற்குப் பதில். 2023 ஜூலை 28 அன்று மக்களவையில் மணிப்பூர் விவகாரத்துக்காக எதிர்க்கட்சியினர் முழக்கமிட்டுக்கொண்டிருந்தனர். அந்தக் கூச்சலுக்கு நடுவே, சுரங்கச் சட்டத் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆகஸ்ட் 2-ல் மாநிலங்களவையும் நிறைவேற்றியது. டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது.

2024 நவம்பரில், அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி பகுதியில் சுமார் 5,000 ஏக்கருக்கு டங்ஸ்டன் ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊரே கொதித்தது. கிராமசபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9-ல் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணி என்று போராடிய பிறகே, 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ரத்தானது ஏலம்தான், சட்டத் திருத்தம் அப்படியே இருக்கிறது.

மசோதாக்கள் அறிமுகமானதும் நாடாளுமன்ற இணையதளத்தில் வெளியாகின்றன. ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், வீட்டில் படித்த பிள்ளைகளை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். நிலம், நீர், விதை, கனிமம் சம்பந்தப்பட்டதாக இருந்தால், வாக்கெடுப்புக்கு முன்பே உங்கள் தொகுதி எம்.பி.யிடம் மனுக் கொடுங்கள்.