எமனும் வீட்டு வாடகையும்

ஏழை வீட்டில் குழந்தை செத்தால், "அதற்கு ஆயுசு அவ்வளவுதான்" என்கிறார்கள். அந்த ஆயுசை அளந்து கொடுக்கிறவன் யார் என்று கேட்கின்றோம். சாஸ்திரத்தைப் புரட்டாமல் சாவுக் கணக்கைப் புரட்டி இதற்கு விடை கண்டவர் பிரான்சு தேசத்து வைத்தியர் வில்லெர்மே (1782-1863) ஆவார்.

இவர் நெப்போலியன் சேனையில் ரண வைத்தியராய் இருந்தவர். 1814ல் சேனையை விட்டவர், சில வருஷத்தில் வைத்தியத் தொழிலையும் விட்டுவிட்டு, ஜனங்களின் சுகாதாரத்தை ஆராய்வதையே வேலையாகக் கொண்டார்.

அக்காலத்தில் பாரிஸ் நகரம் 12 வட்டாரங்களாய் இருந்தது. சில வட்டாரங்களில் சாவு அதிகம், சிலவற்றில் குறைவு. காரணம் காற்று என்றும், ஆற்று ஈரம் என்றும், தரையின் மேடு பள்ளம் என்றும் பண்டிதர்கள் சொல்லி வந்தார்கள். வில்லெர்மே இவை ஒவ்வொன்றையும் சாவுக் கணக்கோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தியது ஒன்றே ஒன்று. வரி விதிக்கக்கூட லாயக்கில்லாத அற்ப வாடகை வீடுகள் எங்கே அதிகமோ, அங்கே சாவும் அதிகம்! எமன் வாடகைச் சீட்டைப் பார்த்துத்தான் பாசக் கயிற்றை வீசுவான் போலும்!

பிறகு பஞ்சு, கம்பளி, பட்டு ஆலைத் தொழிலாளரின் நிலைமையை ஊர் ஊராய்ப் போய்ப் பார்த்து, 1840ல் புஸ்தகமாக வெளியிட்டார். மூலூஸ் என்னும் ஊரில் காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை ஆலை வேலை. முதலாளி, வியாபாரி வகுப்பில் பிறந்த குழந்தைகளில் பாதிப்பேர் 29 வயதை எட்டுவார்கள்; நெசவாளி, நூற்பாலைக் கூலி வகுப்பில் பிறந்தவற்றில் பாதி 2 வயதுக்குள் மாண்டுபோகும் என்று அவர் கணக்குக் காட்டினார். பிரமன் இரண்டு விதமான பேனாக்கள் வைத்திருக்கிறானா?

இதன் பலனாக 1841ல் ஒரு சட்டம் வந்தது. பெரிய ஆலைகளில் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது. 12 வயது வரை 8 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக்கூடாது என்பது அது. ஆனால் சம்பளம் பெறும் இன்ஸ்பெக்டர்கள் 1874 வரை நியமிக்கப்படவில்லை. முதலாளிகளுக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

வில்லெர்மே புரட்சிக்காரரல்ல. ஏழையின் குடியையும் ஒழுக்கத்தையும் குறைகூறினவர். வயது வந்த தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்காதவர். அப்படிப்பட்டவருடைய கணக்கே இப்படிச் சொல்லுமானால், உண்மை எவ்வளவு கொடியதாய் இருக்க வேண்டும்?

தோழர்களே! ஏழைக் குழந்தையைக் கொன்றது விதியானால், அதைத் தடுக்கச் சட்டம் எதற்கு? சட்டத்தால் தடுக்கக் கூடியதானால், அதற்கு விதி என்ற பெயர் எதற்கு?