குழந்தையின் அச்சமும் பெற்றோரின் நாட்கூலியும்

பள்ளிக்குப் புறப்படும் வேளையில் நாள்தோறும் வயிற்றுவலி என்று அழும் குழந்தையை, அடம்பிடிப்பதாகக் கருதி அடிப்பதே நம் வீடுகளில் வழக்கமாக உள்ளது. உடல்நோய் எதுவும் தென்படாத நிலையில் அது பதற்றக் கோளாறாகவும் இருக்கலாம். 13 முதல் 17 வயது வரை உள்ளோரில் 3.6 சதவீதம் பேருக்கு இக்கோளாறு இருப்பதாக 2015-16 தேசிய மனநல ஆய்வு கண்டறிந்தது.

இது தீர்க்கக்கூடிய துயரம். அமெரிக்காவில் 488 சிறாரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், 12 வாரங்கள் உளவியல் சிகிச்சையும் மருந்தும் சேர்த்துப் பெற்றோரில் சுமார் 81 சதவீதத்தினர் நன்கு தேறினர். உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றோரில் இது 60 சதவீதம்; மருந்து மட்டும் பெற்றோரில் 55 சதவீதம்.

அந்தச் சிகிச்சை யாருக்குக் கிடைக்கிறது? திருவனந்தபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும், 1987இல் உருவான குழந்தை வளர்ச்சி மையமும், 1870இல் தொடங்கிய ஊளம்பாறை மனநல மையமும் உள்ளன. பல மாநிலத் தலைநகரங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆயினும் விதுரா, அம்பூரி மலைக் கிராமத்துத் தொழிலாளிக்கு வாரந்தோறும் நகரம் வருவதென்றால் வாரந்தோறும் ஒருநாள் கூலி இழப்பு. ஊளம்பாறை என்ற பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டதால் தயக்கம் வேறு. நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் மருந்துச்சீட்டு எழுதச் சில நிமிடங்கள் போதும். குழந்தையின் அச்சத்தைப் பேசிக் களைய ஒரு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தை வசதி படைத்தோர் தனியாரிடம் விலைக்கு வாங்குகின்றனர். ஏழைக் குழந்தைக்கு மாத்திரை மட்டுமே மிஞ்சுகிறது, பலருக்கு அதுவுமில்லை.

எனவே சிகிச்சை குழந்தையை நாடி வர வேண்டும். கேரளத்தில் 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இயங்குகிறது. குடும்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கான 'ஆஸ்வாசம்' சிகிச்சையகங்கள் உருவானது, ஆரம்ப நிலையிலேயே இப்பணி சாத்தியம் என்பதைக் காட்டுகிறது. சிறார் பதற்றக் கோளாறையும் அதில் இணைக்க வேண்டும். கடும் பாதிப்புள்ளோரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். இச்சுமையைக் கூடுதல் ஊதியமின்றி ஆஷா ஊழியர்கள் தலையில் ஏற்றுவது தீர்வாகாது.

மனநலச் சிகிச்சையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியது. 2022இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி சேவை முதல் ஆறுதலைத் தரலாம். வாராந்திரச் சிகிச்சைக்கு அது மாற்றாகாது. வட்ட மருத்துவமனைதோறும் உளவியலாளர், பள்ளிதோறும் நிரந்தரப் பணியில் ஆலோசகர், இவற்றுக்கு உரிய ஒன்றிய நிதி: இக்கோரிக்கைகள் குமரி முதல் சென்னை வரை நமக்கும் உரியவை. இவற்றை முன்வைத்துப் போராடுவோம்.