பெடல் போடுவோம்: பிரேக் கைக்கு எட்டுகிறதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அக்கா மகளும் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தோம். பிளஸ் டூ முடித்தவள். ரோடு பைக் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழெட்டைத் தாண்டியிருப்போம். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மேலே ஏறிப் போனால், ஓரமாக நின்று கையை உதறிக்கொண்டிருக்கிறாள்.

“மாமா, விரல் நுனிதான் பிரேக்ல படுது. கை மரத்துப்போச்சு. அடுத்த வளைவுல நிக்குமான்னு பயமா இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. வாங்கிய அன்றே சீட் உயரம், டயர் காற்று, செயின் எல்லாம் பார்த்தவன் நான். ‘பிரேக்கைப் பிடித்துக் காட்டு’ என்று மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்றுதான் அன்று கீழே வந்து சேர்ந்தோம்.

உங்கள் வீட்டிலும் வளைந்த ஹேண்டில்பார் சைக்கிள் இருந்தால், இன்றே இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, லிவர் இருக்கும் இடம். சைக்கிளில் உட்கார்ந்து, முழங்கையை லேசாக மடக்கி, லிவரின் மேல் உள்ள ரப்பர் பிடியில் கை வையுங்கள். முன்கை, மணிக்கட்டு, உள்ளங்கை மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். லிவர் ரொம்பக் கீழே இறங்கியிருந்தால், உடம்பின் பாரம் உள்ளங்கையில் சரியும். சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். ரொம்ப மேலே இருந்தால், ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடிக்கும்போது பிரேக் எட்டாது.

மாற்றுவது எளிது. ரப்பரை மெதுவாகச் சுருட்டினால், பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் ஒரு போல்ட் தெரியும். பல மாடல்களுக்கு 5 மி.மீ. ஆலன் கீ போதும். லேசாகத் தளர்த்தி, 2, 3 மி.மீ. மட்டும் நகர்த்துங்கள். அதற்கு மேல் என்றால் ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்துச் சுற்ற வேண்டியிருக்கும். இரண்டு லிவர்களின் மேலும் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, சமமாக இருக்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். பிறகு இறுக்கி, கையால் முறுக்கிப் பாருங்கள். அசையவே கூடாது. கார்பன் ஹேண்டில்பார் என்றால் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள்; அதிகம் இறுக்கினால் விரிசல் விடும்.

இரண்டாவது, எட்டும் தூரம். பல லிவர்களில் இதற்கென்றே ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் லிவர் ஹேண்டில்பாரை நெருங்கி வரும். ஆள்காட்டி விரலின் முதல் கணு லிவரில் சுலபமாகக் கொக்கி போட வேண்டும். பிறகு முழு பலத்தோடு அழுத்திப் பாருங்கள். லிவர் ஹேண்டில்பாரில் இடித்தால் பிரேக் முழுதாகப் பிடிக்காது. அப்படியே ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

இறக்கத்துக்கு ஒரு குறிப்பு. கீழ் வளைவைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். அங்கிருந்து இழுக்கும்போது லிவரின் நுனிப் பக்கம் விரல் படும். கொஞ்சம் பலம் கொடுத்தாலே நன்றாகப் பிடிக்கும்.

வீட்டில் இவளுக்கு இதையெல்லாம் செய்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ரப்பரைச் சுருட்டியதும் ஸ்க்ரூவைத் திருப்பியதும் அவள்தான். நான் டார்ச் பிடித்தேன், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அதே மலை, அதே வளைவுகள். இந்த முறை அவளை முன்னால் விட்டேன். அடிவாரத்தில் எனக்காகக் காத்திருந்தவள் கேட்டாள்:

“ஏன் மாமா இவ்ளோ லேட்டு?”