மின்வழங்கியில் மிச்சம் பிடித்தால் முதலுக்கே மோசம்



மகனுக்குக் கணினி வாங்கவிருந்த பெற்றோர் ஒருவர், கடைக்காரர் எழுதிக்கொடுத்த விலைப்பட்டியலை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். செயலி, நினைவகம், சேமிப்பகம் என ஒவ்வொன்றுக்கும் நிறுவனப் பெயரும் மாதிரி எண்ணும் தெளிவாக இருந்தன. கடைசி வரியில் மட்டும் "பெட்டி, 500 வாட் பவர் சப்ளையுடன்" என்று இருந்தது. அதைத் தயாரித்தவர் யார் என வினவினேன். "கரண்டு கொடுக்கிறதுதானே சார், எதுவாக இருந்தால் என்ன?" என்றார்.

இந்த "எதுவாக இருந்தால் என்ன" என்னும் மனப்போக்கைத்தான் நான் மறுக்கிறேன்.

சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவது மின்வழங்கி. தாய்ப்பலகை முதல் வன்தட்டு வரை அனைத்தும் இந்த ஒரே ஊற்றில்தான் நீர் அருந்துகின்றன. ஊற்று நஞ்சானால் யார் பிழைப்பர்? எங்கள் கணினி அறைக்கு அன்பளிப்பாக வந்த கணினி ஒன்றில் மலிவான மின்வழங்கி கருகியபோது, தாய்ப்பலகையும் வன்தட்டும் உடன் போயின. பலகையை மாற்றிவிட்டோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரைகளை மீட்க முடியவில்லை.

"500 வாட் என்று எழுதியிருக்கிறதே!" என்பார்கள். அந்த எண்ணை நம்புமுன் ஓர் எளிய பெருக்கல் செய்யுங்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இன்றைய செயலியும் வரைகலை அட்டையும் பெரிதும் உண்பது 12 வோல்ட் மின்சாரத்தையே. மின்வழங்கியின் ஒட்டுத்தாளில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்றிருந்தால், 12 × 18 = 216 வாட்தான். மீதியெல்லாம் ஒட்டுத்தாளை அழகுபடுத்தும் எண்! 45 ஆம்பியர் என்றிருந்தால் 540 வாட். அதனை 550 வாட் என்று விற்பது நேர்மை.

"அப்படியானால் 1000 வாட் வாங்கிவிடுகிறேன்" என்பதும் அறியாமையே. ஆர்டிஎக்ஸ் 4060 வரைகலை அட்டை 115 வாட் உண்பது. அதனைப் பூட்டிய கணினிக்கே 550 வாட் போதும் என்கிறது என்விடியா. தனி வரைகலை அட்டையின்றி, 65 வாட் செயலியுடன் பாடம் படிக்கவும் தட்டச்சு செய்யவும் பயன்படும் கணினிக்குத் தரமான 300 அல்லது 400 வாட் தாராளம்.

2004இல் தோன்றிய "80 பிளஸ்" முத்திரையையும் முழு நற்சான்றாகக் கொள்ளாதீர். மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதையே அது பேசும். மின்னழுத்தம் மிகுந்தால் மின்வழங்கி தன்னைத் துண்டித்துக்கொள்ளுமா என்பதைப் பேசாது.

"நல்லது வாங்கக் காசு வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அதே பட்டியலில் கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் கொண்ட பெட்டிக்குக் காசு இருந்ததே! மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவன்றோ? விளக்கு எரியாவிட்டால் கணினி கெடாது.

ஆகவே, பெற்றோர்களே, பள்ளிக்குக் கணினி வழங்கும் நல்லுள்ளங்களே, கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தயாரித்தவர் யார்? 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்? மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்குக் காப்பு உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு? நல்ல மின்வழங்கிகள் பலவற்றுக்கு 5 ஆண்டு உத்தரவாதம் கிடைக்கிறது. விடை சொல்லத் தயங்கும் கடையில் பணத்தை நீட்டத் தயங்குங்கள்.

கணினிக்குள் எவர் கண்ணிலும் படாத உறுப்பு அது. கண்ணில் படாததாலேயே அதனை உப்புக்குச் சப்பாணியாக்கிவிட்டோம். அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் நம் பிள்ளைகள்.

சிந்திப்போம்!